கலவையில் வெட்டப்பட்ட நாற்பது நாள்

எங்கள் வீட்டுத்தோட்டச் சங்கத்தின் செயலாளர் பொய் சொல்கிறார்.

குச்சவெளியில் செத்த மிளகாய்ச் செடிகள் பராமரிப்பு இல்லாமல் சாகவில்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, நட்ட பெண் கவனிக்கவில்லை என்று பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவளுக்குக் கொடுத்த தண்ணீர்த் தாங்கி, நிழல்வலை, பைகள் எல்லாவற்றையும் திருப்பி எடுத்து வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவும் எடுத்துவிட்டது. வருகிற பொதுக்கூட்டத்தில் உங்களைக் கை உயர்த்தச் சொல்வார்கள்.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. முழங்கால் விட்டுப்போனதால் இரண்டு வருடமாக நான் எதையும் நடுவதில்லை. ஆனால் உங்களுக்குத் தந்த பயிற்சித் தாளில் மண் கலவைக்குக் கீழே இருக்கிற பெயர் என்னுடையது. கை உயர்த்துவதற்கு முதல் அந்தக் கலவை எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நான் மண்காரி இல்லை. பதினாறு வருடம் அன்புவழிபுரத்தில் வீட்டுக்குப் பின்னால் பொலித்தீன் கூடாரம் போட்டு, தண்ணீரில் கரைத்த இரசாயனப் பசளையில் சலாது இலையும் கறிமிளகாயும் வளர்த்தவள். உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்குக் கொடுத்தேன். அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், முதல் எதிரி ஆட்கள்தான். உடுப்பில் வெள்ளை ஈ ஒட்டிக்கொண்டு வரும், செருப்பில் நோய் வரும். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தட்டு வைத்திருந்தேன், கால் நனைக்காமல் உள்ளே வர முடியாது. மஞ்சள் உடுப்போடு எவரையும் படலைக்குள் விடமாட்டேன், மஞ்சளுக்குப் பூச்சி வரும். என் தங்கை தன் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல மஞ்சள் சீலை உடுத்து வந்தாள். படலைக்கு வெளியே நிற்க வைத்துத்தான் கதைத்தேன். கலியாண அட்டையை வேலிக்கு மேலால் நீட்டினாள். மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறாள். பூசைக்குப் போனால் மாதா கோவிலில் இரண்டு வாங்கு முன்னால் இருப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

நான் கலியாணம் கட்டவில்லை. பகல் முழுக்கத் தண்ணீர் மோட்டர் ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குத் தனிமை தெரியாது.

பிறகு வெளிநாட்டுப் பசளை நாட்டுக்கு வராமல் போன காலம் வந்தது. எனக்குத் தேவையானது கரைக்கிற பசளை, அது ஒரு கிலோகூடக் கிடைக்கவில்லை. ஹோட்டல்களும் அரைவாசி பூட்டிக் கிடந்தன. ஒரு திங்கட்கிழமை காலை மோட்டரை நிறுத்தினேன். அன்றைக்குத்தான் வீட்டில் வேறு ஒரு சத்தமும் இல்லை என்று தெரிந்தது. துறைமுகத்துக் கப்பல் ஊதினது குசினி வரைக்கும் கேட்டது. அதற்கு முதல் அது எனக்குக் கேட்டதே இல்லை.

வெளியில், வெயிலில், மண்ணில் வளர்ப்பது என்று முடிவெடுத்தேன். பதினாறு வருடம் செடி வளர்த்தவளுக்கு மண் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். இந்த நினைப்பு உங்களில் தண்ணீர்ப் பயிரிலிருந்து வருகிறவர்களுக்கும் இருக்கும். அதனால் என் முதல் பிழையைக் கேளுங்கள்.

கிண்ணியாவுக்கு அங்கால் குறிஞ்சாக்கேணியில் எருமை வைத்துத் தயிர் போடுகிற ஒருவர் பழைய எரு தருகிறார் என்று கேள்விப்பட்டு அழைத்தேன். நாற்பது வயது இருக்கும். லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். நல்ல கறுத்த எரு, நாற்றமில்லை. நான் என்ன செய்தேன்? ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கலக்கி, உப்பு பார்க்கிற கைமீற்றரை வைத்தேன். முள் ஏறியது. தேங்காய்த் தும்புத்தூளை நாங்கள் எப்படிக் கழுவுவோம்? மீற்றர் இறங்கும் வரைக்கும் தண்ணீர் விட்டு வடிப்போம். எருவையும் அப்படியே செய்தேன். பீப்பாயில் போட்டு, தண்ணீர் நிரப்பி, கீழ்க் குழாயைத் திறந்து வேலிக்கரையில் ஓட விட்டேன். முதல் தண்ணீர் தேயிலைச் சாயம் போல ஓடியது. நாலாம் தண்ணீர் தெளிவாக வந்தது. மீற்றர் இறங்கியது. எனக்குப் பெரிய சந்தோஷம். புழுக்களையும் அரிதட்டில் அரித்து எறிந்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான் எல்லாம்.

அந்த எருவில் நட்ட மிளகாய் ஒரு மாதத்தில் ஒரு சாண் வளரவில்லை. இலை வெளுத்தது. நான் இன்னும் எரு வேண்டும் என்று அழைத்தேன். அவர் வந்தபோது நான் இரண்டாம் பீப்பாயைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

வண்டியை நிறுத்தாமலே கேட்டார். "என்னக்கா, எருவைக் குளிப்பாட்டுறீங்களா?"

"உப்புக் கூட இருக்கு தம்பி. மீற்றர் காட்டுது."

"சவுக்காரமும் போடுறதானே, பிறகு பவுடர்?"

"விளையாடாதீங்க."

இறங்கி வேலிக்கரைக்குப் போனார். அங்கே ஒரு வாழை நின்றது. நான் நட்டதில்லை, தானாக வந்தது. ஒரு மாதத்தில் அது என் உயரத்துக்கு மேல் போயிருந்ததை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன்.

"அக்கா, இந்த வாழைக்கு நீங்க பெத்த தாய். அந்த மிளகாய்க்கு மாத்தாந்தாய். சாப்பாட்டை எல்லாம் இதுக்கு ஊட்டிப்போட்டு அதுக்குச் சக்கையைக் குடுத்திரிக்கீங்க."

"அப்ப மீற்றர் பொய்யோ?"

"எனக்கு அந்தச் சாமானைப் பத்தித் தெரியா. ஒண்டு மட்டும் சொல்றேன், என்ட எருமை ஒருநாளும் மீற்றர் பாத்துச் சாணி போட்டதில்ல."

எனக்கு அவமானமாக இருந்தது. ஏசி அனுப்பியிருப்பேன், ஆனால் எரு வேண்டும். மீற்றர் பொய் சொல்லவில்லை. கிணற்று உப்பும் செடியின் சாப்பாடும் அதற்கு ஒன்றுதான், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முள்ளில் காட்டும். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியது நான். பார்க்கவில்லை. உங்கள் கையில் இருக்கிற கருவி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். நான் பதினாறு வருடம் அதைக் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

இரண்டாம் பிழை இதைவிட மோசம். இதுதான் குச்சவெளிப் பிழை.

ஹோட்டல் ஒன்று திரும்பத் திறந்து, கறிமிளகாய் தர முடியுமா என்று கேட்டது. தருகிறேன் என்றேன். நாற்று கையில் இருந்தது. இந்த முறை எதையும் கழுவவில்லை. எருமை எரு, பக்கத்துக் கோழிக்கூட்டு எரு, சருகு, செம்மண், பழைய தும்புத்தூள் எல்லாம் கலந்து, நனைத்து, பைகளில் நிரப்பி, அடுத்த நாள் காலை அறுபது கன்று நட்டேன்.

ஏன் அடுத்த நாள்? தண்ணீர்ப் பயிரில் காலையில் கரைத்தால் மத்தியானம் செடி குடிக்கும். ஒன்றும் காத்திருப்பதில்லை. கலவை என்றால் கலந்தவுடன் ஆயத்தம். மண்ணில் வளர்ந்த ஒருவர் இந்தப் பிழையைச் செய்யமாட்டார். நாங்கள்தான் செய்வோம்.

மூன்றாம் நாள் செடிகள் தலை தொங்கின. கூடாரத்தில் மத்தியான வெயிலில் மோட்டர் நின்றால் எனக்கு ஒரு மணித்தியாலம்தான் இருக்கும். அந்த ஓட்டம் உடம்பில் ஊறிப்போனது. செடி தொங்குகிறதா, தண்ணீர் விடு. இன்னும் தொங்குகிறதா, பசளை விடு. தண்ணீர் விட்டேன், பிறகு கடைசியாக மிச்சம் வைத்திருந்த வெளிநாட்டுப் பசளையையும் கரைத்து விட்டேன். நாலாம் நாள் அரைவாசி செத்தது. அப்போதுதான் தயிர்க்காரருக்கு அழைத்தேன். இப்படி ஒரு விஷயம் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

"தோண்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"நட்ட செடியைத் தோண்டுறதோ?"

"செத்ததைத் தோண்டினா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்? உறையைக் கழட்டிப்போட்டுக் கையை உள்ள விடுங்க. போனை வைக்காதீங்க, நான் நிக்கிறேன்."

கையுறையைக் கழற்றிவிட்டுப் பைக்குள் கையை விட்டேன். சோறு வடித்த பானைக்குப் பக்கத்தில் கை வைத்தது போல இருந்தது. பச்சைக் கோழி எரு ஈரம் பட்டு வெந்துகொண்டிருந்தது. நான் விட்ட தண்ணீர் அதை இன்னும் கிளப்பியிருந்தது. வேர் அவிந்து மண்ணிறமாகக் கிடந்தது. செடி தாகத்தால் தொங்கவில்லை. குடிக்க வேரே இல்லை.

"சுடுதா அக்கா?"

"ஓம்."

"அப்ப ஆற விடுங்க. நான் ஒரு வெத்திலை மடிச்சு வாயில வைக்கிற நேரம் நீங்க கையை உள்ள வெச்சிரிக்க ஏலுமெண்டா, அதுக்குப் பிறகு நடுங்க. அதுக்கு முன்னால மந்திரி வந்து சொன்னாலும் நடாதீங்க."

ஹோட்டலுக்கு முடியாது என்று சொன்னேன். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மிச்சச் செடிகளைப் பிடுங்கி எறிந்தேன். கலவையைக் குவித்து, நனைத்து, சாக்கால் மூடினேன். வாரம் ஒரு தரம் புரட்டினேன். கை வைத்துக்கொண்டு இருக்கக்கூடிய அளவுக்கு ஆற நாற்பது நாள் எடுத்தது.

அந்த நாற்பது நாளும் எனக்கு வேலை இல்லை. காலையில் எழும்பித் தேத்தண்ணீர் குடித்துவிட்டு நேரே குவியலுக்குப் போய்க் கையை உள்ளே விடுவேன். தேவையை விடக் கூடுதல் நேரம் வைத்திருப்பேன். அந்த வீட்டு வளவில் என்னைத் தவிரச் சூடாக இருந்தது அது ஒன்றுதான். ஆறியபோது செடிக்கு நல்லது என்று தெரியும். எனக்கு அவ்வளவு நல்லதாக இருக்கவில்லை.

அந்த மண்ணில் மிளகாய் வந்தது. கத்தரி வந்தது. சங்கத்தில் கேட்டார்கள், நான் கையால் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் இப்படி இருந்தது: "கலந்த மண்ணை நனைத்து மூடி, வாரம் ஒருமுறை புரட்டி, நாற்பது நாள் ஆற விடவும். கையுறை இல்லாமல் கையை உள்ளே விட்டுப் பார்க்கவும். சூடு இருந்தால் நட வேண்டாம்." சிவப்புப் பேனையால் அடிக்கோடும் போட்டிருந்தேன்.

உங்கள் கையில் இருக்கிற பயிற்சித் தாளை எடுத்துப் பாருங்கள். அந்த வரிகள் இல்லை. "நனைத்துப் பைகளில் நிரப்பவும்" என்று இருக்கிறது. அடுத்த வரி "நாற்றுகளை நடவும்".

குச்சவெளிப் பிள்ளை எனக்கு முன்பின் தெரியாதவள். பிள்ளை என்று எழுதுவது என் வயதினால். அவளுக்கு முப்பத்தைந்து இருக்கும், இரண்டு பிள்ளைகளின் தாய். புருஷன் களப்பில் இறால் பிடிக்கிறவர். இரண்டு நாள் பயிற்சிக்கு வந்து, தாளும் பையும் நாற்றும் வாங்கிக்கொண்டு போனவள். ஒரு காலை அழைத்தாள்.

"அக்கா, தாளில உங்கட பேர் கிடந்தது. நம்பர் சங்கத்தில வாங்கினனான். என்ர செடியெல்லாம் செத்துப்போச்சு. ஒருக்கா வந்து பாப்பீங்களோ?"

கரையோர பஸ்ஸில் போனேன். மீற்றரையும் எடுத்துக்கொண்டேன். கறுத்த பைகள் நேர் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு காய்ந்த குச்சி. நிழல்வலை இழுத்துக் கட்டியிருந்தது. பையைச் சுற்றி ஒரு புல் இல்லை. பராமரிக்கவில்லையாம். அப்படிப் பார்த்துக்கொள்கிற வளவு இந்தச் சங்கத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒருத்தி சொன்னாள், "டவுனில இருந்து டொக்டர் வந்திட்டா. பிரேதப் பரிசோதனை." மற்றவள் சிரித்தாள். அந்தப் பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"செயலாளர் வந்து பாத்தவர். கிணறு உப்பு எண்டார். பிறகு நான் கவனிக்கேல்லை எண்டு எழுதிக்கொண்டு போயிட்டார். நாலு நாள் நான் ராப்பகலா தண்ணி ஊத்தினனான் அக்கா."

கிணற்றுத் தண்ணீரில் மீற்றரை வைத்தேன். நல்ல தண்ணீர். என் கிணற்றை விட நல்லது. அவளிடம் கலந்தது கொஞ்சம் மிச்சம் மூலையில் குவிந்து கிடந்தது. அதற்குள் கையை விட்டேன். இன்னும் சுட்டது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். கை உள்ளே இருக்கிறது, எல்லாம் விளங்கிவிட்டது, அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "என்னில பிழையோ அக்கா?" என்று கேட்கிறாள். தாளில் என் பெயர் இருக்கிறது. கிணறு உப்பு என்று செயலாளர் ஏற்கனவே சொல்லியிருக்கிறார். மீற்றரைப் பார்க்கத் தெரிந்தவள் அங்கே நான் மட்டும்தான். "ஓம், தண்ணீர்தான் பிழை" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம். அந்த வசனம் வாய்க்குள் வந்தது. வந்தது என்று எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் வரும். கருவி வைத்திருக்கிற ஆள் சொன்னால் மற்றவர்கள் நம்புவார்கள். அந்த நேரம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் உங்கள் தொழில். மற்றதெல்லாம் கூலி வேலை.

"உங்களில பிழை இல்லை" என்றேன். "மண் ஆறேல்லை. அதை எழுதித்தான் குடுத்தனான். தாளில வரேல்லை."

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு கேட்டாள். "இதைச் செயலாளரிட்டச் சொல்லுவீங்களோ?"

"சொல்லுவன்."

"அவரிட்ட மட்டும் சொன்னாக் காணாது அக்கா. என்னைச் சோம்பேறி எண்டு எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னவை. எல்லாருக்கும் முன்னால சொல்லோணும்."

பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு போத்தல் தண்ணீர் தந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். நான் நேரமாகிவிட்டது என்றேன். நேரம் ஆகவில்லை. ஒருவர் வீட்டுக்குள் போய் இருந்து சாப்பிட எனக்கு மறந்துபோய்விட்டது.

வீட்டுக்கு வந்து செயலாளருக்கு அழைத்தேன். அவர் மறுக்கவில்லை.

"அக்கா, ரெண்டு நாள் பயிற்சியில நாப்பது நாளை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? நாத்து வந்து நிண்டது. குடுத்து, நட்டு, படம் எடுத்து அனுப்போணும். நாத்தும் காத்திருக்காது, காசு தாற திட்டக்காரரும் காத்திருக்கமாட்டினம்."

"அப்ப ஒரு வரி எழுதிவிட்டிருக்கலாமே, இப்ப நடாதீங்க எண்டு?"

"உங்களிட்டக் காட்டத்தான் வந்தனான். படலையைத் திறந்தனீங்களோ?"

இது உண்மை. அச்சடிக்க முதல் தாளின் பிரதியோடு அவர் என் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே நின்று, தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போங்கள் என்று கத்தினேன். அப்போது என்னிடம் கூடாரமும் இல்லை, செடியும் இல்லை, காப்பாற்ற வேண்டிய ஒரு இலை இல்லை. பழக்கம்தான் இருந்தது. அந்தக் காகிதத்தை நான் எடுத்து வாசிக்கவில்லை. மழையில் நனைந்து பெட்டியோடு ஒட்டிக் கிடந்ததைக் குச்சவெளியிலிருந்து வந்த பிறகுதான் உரித்து எடுத்தேன். வாசித்திருந்தால் அந்த வரிகள் இல்லாதது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளையின் செடிகள் செத்ததில் அது என் பங்கு. உங்கள் பெயர் போட்டு எது வெளியே போனாலும், போக முதல் வாசியுங்கள். கதவைத் திறந்து வாங்கி, வந்தவருக்கு ஒரு கதிரை போட்டு, அவர் முன்னாலேயே வாசியுங்கள்.

"பொதுக்கூட்டத்தில இதைக் கதைக்க வேண்டாம் அக்கா" என்று செயலாளர் கடைசியாகச் சொன்னார். "சங்கத்துக்குத்தான் கெட்ட பேர். அவவுக்கு அடுத்த வருசம் பாத்துச் செய்வம்."

அடுத்த வருடம் செய்கிறவருக்கு இந்த வருடம் தாங்கியைத் தூக்கிக்கொண்டு போக என்ன அவசரம்? அவள் நட்டது தாளில் எழுதியிருந்தபடி. தாளை வாசித்து, அதன்படி செய்து, கெட்டவள் என்று பெயர் வாங்கிய ஒரே ஆள் அவள்தான். இன்னும் சிலருக்கும் செடி செத்திருக்கிறது, எனக்குத் தெரியும். அவர்கள் வாயை மூடிக்கொண்டு கடையில் நாற்று வாங்கித் திரும்ப நட்டுவிட்டார்கள். அவள் மட்டும் சங்கத்துக்குச் சொன்னாள். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

செயலாளர் அவர்களே, இனி உங்களிடம் நேரே. பொதுக்கூட்டத்தில் தாங்கி பற்றிக் கை உயர்த்தச் சொல்வதற்கு முதல் நான் எழுந்து, படலையைத் திறக்காதது நான், பிரதியை வாசிக்காதது நான் என்று சொல்வேன். குச்சவெளிப் பிள்ளையும் வருவாள், பஸ் செலவு என்னுடையது. நான் சொல்லி முடிந்த பிறகு நீங்கள் எழுந்து நில்லுங்கள். தொலைபேசியில் எனக்குச் சொன்னதை அவள் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்: நாற்பது நாளை வெட்டியது யார், யாருக்குப் படம் அனுப்புவதற்காக வெட்டியது, அது தெரிந்த பிறகும் அவள் கவனிக்கவில்லை என்று எழுதியது யார்?

புதியவர்களே, அவர் பதில் சொல்லும் வரைக்கும் ஒருவரும் கை உயர்த்த வேண்டாம்.